நோட்டீசில் வந்த சட்டமா அதிபர்

சிவரூபினி பதினோரு வயதில் கோண்டாவிலிலிருந்து லண்டனுக்கு வந்தவள். வந்த கிழமையே அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது: கடிதம் வாசிப்பது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஆங்கிலம் ஓடாது. ஹோம் ஒஃபிஸ் கடிதம், கவுன்சில் கடிதம், காஸ்காரனின் கடிதம், எதுவென்றாலும் அவள்தான் உடைத்து, வாசித்து, தமிழில் சொல்லி, பதிலும் எழுதுவாள். பிறகு மாடி வீட்டு ஆட்களும் தங்கள் கடிதங்களோடு வரத் தொடங்கினார்கள். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்று பன்னிரண்டு வயதில் எழுதத் தெரிந்த பிள்ளை அவர்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

படித்து முடித்ததும் குரொய்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் இருபது வருடம். அதன் பிறகு அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்து, அட்டர்னி ஜெனரல் எனப்படும் சட்டமா அதிபரின் அலுவலகத்தில் பொதுமக்கள் கடிதப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். இப்போது வயது நாற்பத்து மூன்று. காலையில் விக்டோரியா ரயில், அங்கிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு நடை, மேசை, கணினி, கடிதங்கள். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து சனம் சட்டமா அதிபருக்கு எழுதும். பக்கத்து வீட்டு வேலி, பிரிந்து போன மனைவி, தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நீதவான் என்று விடயங்கள் பலவிதம். பதில் அநேகமாக ஒன்றுதான்: ஏலாது. அந்த ஏலாதை நாற்பது விதமாக, ஒருவர் மனமும் நோகாமல் எழுதுவதில் சிவரூபினி கெட்டிக்காரி. அவளிடம் மறுப்பு வாங்கியவர்கள் சிலர் நன்றிக் கடிதமும் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் நிலைமை நேர்மாறு. ஒருவரிடமும் அவளால் 'ஏலாது' என்று சொல்ல முடியாது. வாயில் 'ஏ' வரும், 'லாது' வராது.

அவளுடைய மாமனார் தர்மலிங்கம் அவளோடும் கணவரோடும்தான் இருந்தார். எழுபத்தாறு வயது. 1974இல் கணக்காளர் படிப்புக்கென்று மாணவனாக வந்து, சோதனை எழுதாமலே தபால் கந்தோரில் சேர்ந்து, அங்கேயே வேலை செய்து இளைப்பாறியவர். காலையில் சவரம் செய்து, கோட்டுப் போட்டு, பத்து மணிக்கெல்லாம் தமிழ்க் கடைக்குப் போய்விடுவார். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு. மருமகளின் புது வேலையை அவர் அங்கேதான் அறிவித்தார்.

"ஊரிலை சட்டமா அதிபர் எண்டால் ஆர் எண்டு தெரியும்தானே? அவர் கையெழுத்து வைச்சால்தான் வழக்கு. வைக்காட்டி வழக்கு இல்லை. எங்கட மருமகள் இப்ப அங்கதான்."

'கடிதப் பிரிவில்' என்ற சொல் கடைக்கு வருகிற வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு கிழமை கழித்து 'அலுவலகத்தில்' என்ற சொல்லும் விழுந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மாமாவின் கூட்டாளி ஒருவர். கார் வேகமாக ஓட்டியதற்குக் கோர்ட்டில் தண்டம் போட்டு, லைசென்சில் ஆறு புள்ளியும் குத்திவிட்டார்கள். மருமகள் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும்.

"ஐயா, தண்டனை சரியில்லை எண்டு எங்களுக்கு எழுதலாம்தான்," என்றாள் சிவரூபினி, தேத்தண்ணியை நீட்டியபடி. "ஆனால் அது பெரிய குற்றங்களுக்கு. இருபத்தெட்டு நாளுக்குள்ள எழுத வேணும். அதோட, தண்டனை காணாது, கூட்டுங்கோ எண்டு கேக்கத்தான் அந்த வழி இருக்கு. குறைக்கச் சொல்லி இல்லை."

கூட்டாளி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப வேண்டாம் பிள்ளை. இருக்கிறபடியே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு ஒரு அம்மா வந்தா. நீதிமன்றத்தை அவமதிப்பவர்கள் மீது சட்டமா அதிபர் நடவடிக்கை எடுப்பார் என்று அவவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவவின் மருமகள் நாலு பேருக்கு முன்னால் அவவை அவமதித்துவிட்டாளாம்.

"அது கோர்ட்டை அவமதிச்சால்தான் அம்மா."

"என்ர வீட்டிலை நான் சொல்லுறதுதானே தீர்ப்பு," என்றா அந்த அம்மா.

சிவரூபினி ஒன்றரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் இராஜேந்திரன் சுரங்க ரயில் ஓட்டுபவர். ஞாயிறு ஷிப்டுக்கு அவர் தானாகவே பெயர் கொடுக்கத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

இவையெல்லாம் சின்னச் சங்கதிகள். பெரிய சங்கதி சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையால் வந்தது.

தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடந்த பாடசாலை அது. நூற்று நாற்பது பிள்ளைகள். சிவரூபினியின் மகள் தக்ஷிகாவும் அங்கேதான் படித்தாள். பதிவு செய்த சரிட்டி, அதாவது தர்ம ஸ்தாபனம். யாப்பு என்கிற விதிக்கோவை, நிர்வாகசபை எல்லாம் ஒழுங்காக இருந்தன. போன வருட விளையாட்டுப் போட்டி வரைக்கும்தான். அன்று கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடும் தேசிக்காய் ஓட்டத்தில் தலைவர் லோகனின் பேரன் முதலாவதாக வந்தான். அவன் தேசிக்காயைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு ஓடியதாகச் செயலாளர் மங்கை சொன்னா. இரண்டாவதாக வந்தது மங்கையின் பெறாமகள், தங்கையின் பிள்ளை. மைக்கில் தொடங்கிய வாக்குவாதம் மைக் நிறுத்தப்பட்ட பிறகும் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் லோகனுக்கு ஒரு நிர்வாகசபை, மங்கைக்கு ஒரு நிர்வாகசபை. இரண்டு கடிதத் தலைப்பு, இரண்டு வட்ஸ்அப் குழு, இரண்டு வரவு இடாப்பு. பிள்ளைகள் சனிக்கிழமைகளில் இடது கதவில் ஒரு தடவையும் வலது கதவில் ஒரு தடவையும் 'உள்ளேன்' சொல்லி வந்தார்கள். இரு பகுதியும் சரிட்டிகளை மேற்பார்வை செய்யும் சரிட்டி கமிஷனுக்கு எழுதின. உங்கள் உள்வீட்டுப் பிணக்கை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இரு பகுதிக்கும் ஒரே பதில் வந்தது.

அப்போதுதான் லோகன் இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: இந்த நாட்டில் சரிட்டிகளுக்கெல்லாம் காவலர் சட்டமா அதிபர். நேரே தமிழ்க் கடைக்கு, முக்காலிக்குப் போனார்.

"அண்ணை, உங்கட மருமகள் ஒரு வசனம் எழுதித் தந்தால் காணும்."

"அதுக்கென்ன," என்றார் தர்மலிங்கம்.

இரண்டு நாளில் மங்கையும் அதையே கண்டுபிடித்து, கறிவேப்பிலை வாங்குகிற சாட்டில் அங்கு வந்தா. அவவுக்கும் தர்மலிங்கம், "அதுக்கென்ன" என்றார். கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. மருமகளிடம் இதைப் பற்றி அவர் மூச்சும் விடவில்லை.

ஒரு புதன்கிழமை பின்னேரம் தக்ஷிகா ஃபோனோடு ஓடி வந்தாள். "அம்மா, நீங்கள் வைரல்."

வட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். நடுவில் சிவரூபினி, யாருடையதோ பூப்புனித நீராட்டு விழாவில் எடுத்த படம், அரக்குக் காஞ்சிபுரம், கழுத்து நிறைய நகை. பின்னால் பாராளுமன்றக் கட்டடம். கீழே கொட்டை எழுத்தில்: 'விசேட பொதுக்கூட்டம். பிரதம விருந்தினர்: இங்கிலாந்தின் சட்டமா அதிபர் திருமதி சிவரூபினி இராஜேந்திரன்.' தீர்ப்புத் தங்கள் பக்கம்தான் என்று இரு நிர்வாகசபையும் நம்பி, ஒரு வருடத்துக்குப் பிறகு சேர்ந்து வெளியிட்ட முதல் நோட்டீஸ் அது.

சிவரூபினி அதை இரண்டு தடவை வாசித்தாள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தன்னைச் சட்டமா அதிபர் என்று நோட்டீஸ் அடிப்பது சின்ன விடயமா? வேலை போய்விடும் என்றே நினைத்தாள். மாமாவைக் கேட்டாள்.

"நான் சொன்னது சட்டமா அதிபரின்ர ஒஃபிஸ் எண்டுதான் பிள்ளை. நோட்டீசிலை இடம் காணாமப் போயிருக்கும்."

அடுத்த நாள் காலை அவள் தானாகவே மேலதிகாரி ஹெலனிடம் போய் ஃபோனை நீட்டினாள். எழுத்து விளங்காவிட்டாலும் பாராளுமன்றக் கட்டடம் ஹெலனுக்கு விளங்கியது. சிவரூபினி ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். ஹெலன் கொஞ்ச நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, சேலை மிகவும் அழகு என்றார். அதன் பிறகு சொன்னது மூன்றே விடயம். நோட்டீசைத் திருத்த வேண்டும். யார் யாருக்கு அந்தப் பிழையான எண்ணம் போனதோ, அவர்களுக்கு முன்னாலேயே அதையும் திருத்த வேண்டும். சட்ட ஆலோசனை மட்டும் கொடுக்கக் கூடாது. எல்லோரும் அறிந்த விடயத்தை எடுத்துச் சொல்வதில் பிழையில்லை.

நோட்டீஸ் திருத்தப்பட்டது. 'இங்கிலாந்தின்' என்ற சொல்லை மட்டும் எடுத்திருந்தார்கள்.

ஆகவே சனிக்கிழமை அவள் போகத்தான் வேண்டியிருந்தது. ஹெலனுக்கு அந்த அரக்குச் சேலை பிடித்திருந்தாலும் அதை உடுக்கவில்லை. கறுப்புக் காற்சட்டையும் சாம்பல் நிறக் கோட்டும் போட்டுக்கொண்டாள். சாதாரண ஆளாகத் தெரிய வேண்டும் என்று நினைத்துப் போட்டது. மண்டப வாசலில் நின்றவர்களுக்கு அது சட்டமா அதிபரின் சீருடை போலிருந்தது. இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். இடது பக்கம் லோகனின் ஆட்கள், வலது பக்கம் மங்கையின் ஆட்கள், நடுவில் தலை நிமிர்த்தித் தர்மலிங்கம்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "முதல்ல ஒண்டு சொல்ல வேணும். நான் சட்டமா அதிபர் இல்லை. அங்க கடிதங்களுக்குப் பதில் எழுதுற ஆள்."

சபை சிரித்தது. "பெரிய ஆக்கள் இப்பிடித்தான்," என்று முன் வரிசையில் ஒரு அம்மா மற்றவவிடம் சொன்னா. "ஒரு பெருமையும் இல்லை, பாருங்கோ."

"உண்மையாத்தான் சொல்லுறன்."

கை தட்டினார்கள்.

அவள் வேறு வழியாக வந்து பார்த்தாள். "சட்டமா அதிபர் எண்டால் ஆர் எண்டு விளங்கினால் நான் இல்லை எண்டும் விளங்கும். எழுநூறு வருசத்துக்கு மேல முந்தி இந்த நாட்டு ராசாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கோர்ட் எல்லாம் அவற்ற கோர்ட். அவருக்கே ஒரு காணி வழக்கு வந்தால் தன்ர கோர்ட்டிலை தானே போய் நிண்டு கதைக்க ஏலுமோ? அதாலை தனக்குப் பதிலா நிக்க ஒரு ஆளை வைச்சார். அதுதான் துவக்கம்."

"ராசாவுக்கும் காணி வழக்கோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கனக்க."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இங்கிலாந்து அரசரைத் தங்களில் ஒருவராக அவர்கள் நினைத்தது அன்றைக்குத்தான்.

"சட்டமா அதிபர் எண்ட பட்டம் பிறகுதான், ஆயிரத்து நானூற்று அறுபதுகளிலை வந்தது. ஊரிலை போல இல்லை, இங்க அவர் ஒரு அரசியல்வாதி, மந்திரி. அரசாங்கம் ஒரு காரியம் செய்யக்குள்ள இது சட்டப்படி சரி, இது பிழை எண்டு சொல்லுறது அவற்ற வேலை. சில வழக்குகளை அவற்ற சம்மதம் இல்லாமல் துவங்க ஏலாது. பெரிய குற்றத்துக்குச் சின்னத் தண்டனை குடுத்தால் மேல்கோர்ட்டைப் பாக்கச் சொல்லுவார். சும்மா சும்மா வழக்குப் போட்டுக்கொண்டு திரியிற ஆக்களை, இனி அனுமதி இல்லாமல் போடக்கூடாது எண்டு தடுக்கச் சொல்லி ஹைகோர்ட்டைக் கேக்கிறதும் அவர்தான்."

லோகனும் மங்கையும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். "அப்பிடித் தடுக்கிற ஃபோர்ம் எங்க எடுக்கலாம்?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இருங்கோ," என்றாள் சிவரூபினி. "சரிட்டி எண்டால் அதுக்கு வாய் இல்லை. ஆருக்காக அது இருக்குதோ அந்த ஆக்களுக்காக ஆராவது கதைக்க வேணும். அதுதான் சட்டமா அதிபர் காவலர் எண்டுறது. முதல்ல கோர்ட்டுக்குப் போகவே கமிஷனிட்ட அனுமதி எடுக்க வேணும். அதையும் தாண்டிப் போனால், சட்டமா அதிபர் லோகன் அண்ணைக்காகவும் வரமாட்டார், மங்கை அக்காவுக்காகவும் வரமாட்டார். பிள்ளையளின்ர பக்கம்தான் நிப்பார்."

லோகன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "அப்ப தர்மலிங்கம் அண்ணை, நீங்கள் எனக்குச் சொன்னது? மருமகள் எங்களுக்குச் சாதகமா ஒரு கடிதம் தருவா எண்டு?"

"உங்களுக்கோ?" என்றா மங்கை. "எங்களுக்கெல்லோ தாறன் எண்டவர்."

இருநூறு முகங்கள் நடுவரிசைக்குத் திரும்பின. தர்மலிங்கம் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத சப்பாத்து.

சத்தம் கூடியது. யாப்பின்படி அது, யாப்பின்படி இது என்று இரு பக்கமும் யாப்பைத் தூக்கிக் காட்டின. சிவரூபினி மேசையில் கிடந்த ஒரு பிரதியை எடுத்தாள். எந்தக் கடிதத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பது அவள் தொழில். பதினோராம் பக்கத்தில் பேனையை எடுத்து ஒரு கோடு கீறினாள்.

"இதை ஆரும் வாசிச்சனீங்களோ? 'பிணக்கு ஏற்படின், கூட்டத்துக்குச் சமுகமளித்திருக்கும் ஆயுள் அங்கத்தவருள் வயதில் மூத்தவர் அதனை அன்றே தீர்க்கக் கடவர். அவர் முடிவே இறுதியானது.'"

ஒருவரும் வாசித்திருக்கவில்லை. ஒரு வருடமாக யாப்புக்காகச் சண்டை பிடித்தவர்கள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

லோகனின் சித்தப்பா உடனே எழும்பினார். "நான்தான் மூத்தவன். எழுபத்தெட்டு."

"போன மாதம்தானே எழுபத்தஞ்சுக்குக் கேக் வெட்டினவர்?" என்றா மங்கை. "நானும் வந்து சாப்பிட்டனான்."

"அது பாஸ்போர்ட் வயது. உண்மையான வயது வேறை."

சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தார். சாம்பல் கோட்டு. கையில் பேனை. அவருடைய குரல் இறங்கியது. "பிள்ளை, அதை எழுதிப்போடாதேங்கோ."

"நான் ஒண்டும் எழுதேல்லை ஐயா."

"பாஸ்போர்ட்டிலை உள்ளதுதான் உண்மையான வயது. நான் ஒரு பகிடிக்குச் சொன்னனான்." அவர் உட்கார்ந்துவிட்டார்.

வலது பக்கத்திலிருந்து ஒரு மீசைக்காரர் எழும்பினார். பாஸ்போர்ட்டின்படி அவருக்கு எழுபத்தேழு.

"நீ எனக்கு ரெண்டு வகுப்புக் கீழையெல்லோ படிச்சனி," என்றார் பின்னால் இருந்த ஒருவர். "எனக்கே எழுபத்துநாலு."

மீசைக்காரர் மேடையைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். அகதியாக வந்த காலத்தில் ஏஜென்சிக்காரன் கிடைத்த பாஸ்போர்ட்டில் ஏத்தினான், வயது பார்த்தா ஏத்தினான்? தொண்டையைச் செருமி, தனக்கு முழங்கால் நோவு, இப்படியான பொறுப்பெல்லாம் சரிவராது என்று சொல்லிக்கொண்டு அவரும் இருந்தார். அதற்குப் பிறகு வயதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் தடவையாக அந்த மண்டபத்தில் எல்லோரும் இளமையாக இருக்க விரும்பினார்கள்.

மூத்த ஆயுள் அங்கத்தவர்களில் சந்தேகமில்லாத பிறப்புச் சான்றிதழ் உள்ளவர் ஒரே ஒருவர்தான். மாணவனாக வந்தவர், சான்றிதழில் ஒரு எழுத்தும் மாற வேண்டிய தேவை இருக்கவில்லை. எழுபத்தாறு.

தர்மலிங்கம் மேடைக்கு ஏறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். முக்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்வது வேறு, இது வேறு. மருமகளுக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "என்ன சொல்லுறது பிள்ளை?"

சிவரூபினி அவரைப் பார்த்தாள். நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமைகள், இரு பகுதிக்கும் கொடுத்த வாக்கு எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் கோபம் வரவில்லை. அலுவலகத்தில் எழுதுகிற வசனம்தான் வந்தது, மிகவும் இயல்பாக. "இந்த விசயத்திலை நான் ஆலோசனை சொல்ல ஏலாது மாமா."

அவர் நம்பமுடியாமல் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடத்தில் அவள் அவருக்குச் சொன்ன முதல் ஏலாது அது. சொன்னவளுக்கும் அதிசயமாக இருந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

தர்மலிங்கம் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். "முதல்ல நான் மன்னிப்புக் கேக்க வேணும். ரெண்டு பேருக்கும் ஓம் எண்டனான். அது என்ர பிழை." லோகனையும் மங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இனி என்ர முடிவு. மூண்டு கிழமையிலை புதுத் தேர்தல். அதுவரைக்கும் ஒரு கதவு, ஒரு இடாப்பு. லோகனும் மங்கையும் இந்த மூண்டு சனியும் சேர்ந்து அரிவரி வகுப்பைப் படிப்பிக்க வேணும்."

"அரிவரியோ?" என்றார் லோகன். இருபத்தாறு பிள்ளைகள், எல்லாம் நாலு வயது.

"முடிவு இறுதியானது," என்றார் தர்மலிங்கம். யாப்பில் அப்படித்தான் இருந்தது.

முதல் சனி லோகனும் மங்கையும் பேசிக்கொள்ளவில்லை. 'அ' எழுதுவதற்குக் கொடுத்த களிமண்ணை ஒரு பிள்ளை லோகனின் கோட்டுப் பைக்குள் போட்டதை மங்கை கண்டும் சொல்லவில்லை. இரண்டாம் சனி மூன்று பிள்ளைகள் ஒன்றாக அழுதார்கள், ஒருவன் பியானோவுக்குக் கீழே போய் வர மறுத்தான். அவனை வெளியே எடுக்க இரண்டு பேரும் முழங்காலில் இருந்து கதைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் சனி இடைவேளையில் மங்கை பொரித்துக் கொண்டு வந்த ரோல்ஸில் ஒன்று லோகனின் தட்டில் இருந்ததைப் பலர் பார்த்தார்கள். தேர்தலில் இருவருமே தலைவர் பதவிக்குக் கேட்கவில்லை, களைத்துப் போயிருந்தார்கள். அன்றைக்கு வேலை இருந்ததால் கூட்டத்துக்கே வராத மருந்தாளர் தனுஷியாவை எல்லோரும் ஏகமனதாகத் தலைவராக்கினார்கள். அவவுக்கு விடயம் வட்ஸ்அப்பில்தான் தெரியவந்தது.

யாப்புக் காப்பாளர் என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கிச் சிவரூபினியிடம் கொடுக்கப் பார்த்தார்கள். "உங்கள் அன்புக்கு நன்றி. கவனமாக யோசித்துப் பார்த்தேன். ஏலாமல் இருக்கிறது," என்று எழுதி அனுப்பினாள். நன்றி சொல்லிப் பதில் வந்தது.

அந்த விசேட பொதுக்கூட்டம் முடிந்த அன்று அவளும் மாமாவும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்கள். தர்மலிங்கம் கண்ணாடி ஓரம் இருந்து கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பஸ் தரிப்பிடம் கழித்துக் கேட்டார்:

"அப்ப உண்மையான சட்டமா அதிபரை நீ கண்டிருக்கிறியோ பிள்ளை?"

"இல்லை மாமா. அவர் இருக்கிற பக்கம் எனக்கு அலுவல் இல்லை. கையெழுத்தை மட்டும் கண்டிருக்கிறன்."

அவர் தலையாட்டினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முக்காலியில் இருந்துகொண்டு, முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அவர் சொன்னார்: "எங்கட மருமகள் சட்டமா அதிபர் இல்லை. அதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. ஆனால் சட்டமா அதிபரின்ர கையெழுத்து எப்பிடி இருக்கும் எண்டு அவவுக்குத் தெரியும்."